மனைவிக்கு பாசிட்டிவ், கணவருக்கு நெகட்டிவ்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். திருவட்டார் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். வயது 43. போன மாதம் நானும் வீட்டுக்காரரும் பேக்கேஜ் செக்கப் செய்துகொண்டோம். எனக்கு எந்தத் தொந்தரவும் கிடையாது. ஆனால் டிரெட்மில் டெஸ்டில் 'பாசிட்டிவ்' என்று வந்திருக்கிறது. ஆஞ்சியோவுக்கு நாள் குறிக்கச் சொல்கிறார்கள். ஹீமோகுளோபின் 9.1, மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. வீட்டுக்காரருக்கு 54 வயது. எட்டு வருடமாகச் சுகர் உண்டு, பிரஷருக்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார், டெஸ்ட் அன்று காலையிலும் போட்டுவிட்டுத்தான் போனார். கார்த்திகையிலிருந்து ரப்பர் விளைக்கு (தோட்டத்துக்கு) ஏறும்போது நெஞ்சின் நடுவில் பாரம் வைத்த மாதிரி இருக்கிறதாம், கொஞ்ச நேரம் நின்றால் போய்விடுகிறதாம். வாய்வு என்று சொல்லி சுக்குக் காப்பி குடிக்கிறார். அவருக்கு டெஸ்ட் 'நெகட்டிவ்'. அந்தத் தைரியத்தில் இந்த வருடமும், சிவராத்திரிக்குப் பன்னிரண்டு கோயிலுக்கு ஓடுகிற சிவாலய ஓட்டத்துக்கு மாலை போட நிற்கிறார். எனக்கோ பயத்தில் தூக்கமே இல்லை. இரண்டு ரிப்போர்ட்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன். நான் ஆஞ்சியோ செய்ய வேண்டுமா?

பதில்:

டீச்சர், இரண்டு ரிப்போர்ட்டையும் முதல் பக்கத்திலிருந்து கடைசி இ.சி.ஜி. தாள் வரை பார்த்தேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இப்போது ஆஞ்சியோ (இதயக் குழாயில் மருந்து செலுத்தி அடைப்பைப் படம் எடுப்பது) தேவைப்படாது. உங்கள் வீட்டுக்காரர் ஓடவே கூடாது, இந்த வாரத்துக்குள் ஒரு இதய மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். நீங்கள் தூக்கம் கெட்டது சரிதான், ஆனால் வேறு ஆளை நினைத்துக் கெட்டிருக்கிறீர்கள்.

பாசிட்டிவ் வந்தவரை விட்டுவிட்டு நெகட்டிவ் வந்தவரை ஓடிப் போய்க் காட்டச் சொல்கிறாரே, இது என்ன வைத்தியம் என்று தோன்றும். அதற்கு இந்த டெஸ்ட் எதைப் பார்க்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பேச்சிப்பாறைத் தண்ணீர் வருகிற சானலை எடுத்துக்கொள்ளுங்கள். சானல் பாதி தூர்ந்து கிடந்தாலும், அறுப்பு முடிந்து வயல் காய்ந்து கிடக்கிற காலத்தில் யாருக்கும் அது தெரியாது. கன்னிப்பூ சாகுபடிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் மடை திறக்கிற நாளில்தான் கடைவரம்பு வயலுக்குத் தண்ணீர் எட்டாமல் போகும். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயும் அப்படித்தான். எழுபது சதவீதம் அளவுக்குச் சுருங்கியிருந்தால்கூட, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு எடுக்கும் சாதாரண இ.சி.ஜி. சுத்தமாக வரலாம். நடக்க வைத்து, இதயத்தை வேகமாகத் துடிக்க வைத்து, 'இன்னும் ரத்தம் கொடு' என்று அது கேட்கும்படி செய்தால்தான் பற்றாக்குறை வெளியே தெரியும். கடைவரம்பு வயல் போல, தசையின் உள்பக்க அடுக்கு முதலில் வாடும். அந்த வாட்டம் இ.சி.ஜி.யில் எஸ்.டி. என்கிற பகுதி கீழே இறங்குவதாகத் தெரியும். ஒரு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இறங்கி, கோடு மட்டமாகவோ கீழ்நோக்கிச் சரிந்தோ போனால் அதை பாசிட்டிவ் என்கிறோம்.

நடக்க வைக்கும் கணக்கு அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து மருத்துவர் ராபர்ட் புரூஸ் 1963-ல் வெளியிட்டது. இன்றைக்கு நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பெரும்பாலான மெஷின்களில் ஓடுவது அவர் பெயரில் உள்ள முறைதான். அதற்கு முன்னால், 1929-லிருந்து, நோயாளியை இரண்டு மரப்படிகளில் ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். புரூஸ் முறையில் முதல் மூன்று நிமிடம் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், பத்து சதவீத ஏற்றம். அடுத்த மூன்று நிமிடம் 4 கிலோமீட்டர், பன்னிரண்டு சதவீதம். அதற்கடுத்து 5.5 கிலோமீட்டர், பதினான்கு சதவீதம். இப்படி மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் கூடும், ஏற்றமும் கூடும். விளைக்குள் ஆற அமர ஏறத் தொடங்கிய ஆளைப் பின்னாலிருந்து யாரோ தள்ளிக்கொண்டே போகிற மாதிரி இருக்கும்.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த டெஸ்ட் தவறே செய்யாத தராசு கிடையாது. பழைய ஆய்வுகள் பலவற்றை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், குழாய் அடைப்பு உள்ள நூறு பேரில் சுமார் 68 பேரை இது பிடிக்கிறது. அடைப்பு இல்லாத நூறு பேரில் சுமார் 77 பேருக்குத்தான் 'இல்லை' என்று சரியாகச் சொல்கிறது. மீதி 23 பேருக்கு இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடும்.

நீங்கள் டீச்சர் என்பதால் கணக்குப் போட்டே காட்டுகிறேன். உங்களைப் போல நாற்பது தாண்டிய, சுகர், பிரஷர், நெஞ்சுவலி எதுவும் இல்லாத ஆயிரம் பெண்களை டிரெட்மில்லில் ஏற்றுவோம். அவர்களில் 20 பேருக்கு உண்மையில் அடைப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டெஸ்ட் அதில் 14 பேரைப் பிடிக்கும். அடைப்பே இல்லாத 980 பேரில் 225 பேருக்கும் பாசிட்டிவ் என்று காட்டும். ஆக, பாசிட்டிவ் தாளோடு வெளியே வருகிற 239 பெண்களில் நிஜ நோயாளி 14 பேர். மற்ற 225 பேரும் உங்களைப் போல இரவில் விழித்துக் கிடக்க வேண்டியதுதான்.

இனி உங்கள் வீட்டுக்காரர் மாதிரி ஆயிரம் ஆண்கள். ஐம்பது தாண்டியவர்கள், சுகர் உள்ளவர்கள், மேடு ஏறினால் நெஞ்சில் பாரம் வருகிறவர்கள். இவர்களில் பாதிப் பேருக்கு, அதாவது 500 பேருக்கு, அடைப்பு இருக்கும் என்று வைப்போம். டெஸ்ட் அதில் 160 பேரைத் தவறவிடும். அடைப்பு இல்லாத 500 பேரில் 385 பேருக்கு நெகட்டிவ் வரும். ஆக, நெகட்டிவ் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற 545 பேரில் 160 பேருக்கு அடைப்பு உண்டு. பத்துக்கு மூன்று பேர். ஆயிரத்தில் எத்தனை பேருக்கு நோய் என்பது நான் வைத்துக்கொண்ட எண் என்றாலும், கணக்கு போகிற திசை மாறாது. மெஷின் ஒன்றுதான். அதில் ஏறுகிற ஆளின் கதைதான் வேறு.

ஒருவரைப் பார்த்து, அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டால், டெஸ்டுக்கு முன்பே நோய்க்கான வாய்ப்பு எவ்வளவு என்று ஒரு மதிப்பு மருத்துவரின் மனதில் விழுந்துவிடும். டிரெட்மில் அந்த மதிப்பைக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ நகர்த்தும், அவ்வளவுதான். மிகக் குறைவாக இருந்த வாய்ப்பை ஒரு பாசிட்டிவ் நோயாக்கிவிடாது. மிக அதிகமாக இருந்த வாய்ப்பை ஒரு நெகட்டிவ் துடைத்து எடுத்துவிடாது. இரண்டுக்கும் நடுவில், 'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்று நிற்கிற ஆட்களுக்குத்தான் இது உதவும். பேக்கேஜ் செக்கப்பில் தொந்தரவே இல்லாதவர்களை வரிசையாக மெஷினில் ஏற்றுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். தொந்தரவும் இல்லை, ரிஸ்க்கும் குறைவு என்கிறவர்களுக்கு இந்தச் சோதனை வேண்டாம் என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்புக் குழு 2018-ல் சொல்லியிருக்கிறது. இங்கிலாந்தில் ஒரு படி மேலே போய், புதிதாக நெஞ்சுவலி என்று வருகிறவருக்கு நோயைக் கண்டுபிடிக்க டிரெட்மில் இ.சி.ஜி.யை நம்ப வேண்டாம் என்று 2010-லேயே வழிகாட்டி எழுதிவிட்டார்கள். அந்த அளவுக்கு நான் போகமாட்டேன். செலவு குறைவு, கதிர்வீச்சு கிடையாது, ஆளின் தெம்பை நேரிலேயே பார்த்துவிடலாம். என் அறையிலும் மெஷின் இருக்கிறது. வாரத்தில் நான்கைந்து பேரை ஏற்றத்தான் செய்கிறேன்.

இப்போது வீட்டுக்காரருடைய ரிப்போர்ட். கடைசி வரியில் 'நெகட்டிவ்' என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு இரண்டாம் பக்கத்துப் பெட்டியைப் பாருங்கள். நடந்தது 4 நிமிடம் 50 வினாடி. அதிகபட்ச நாடித்துடிப்பு 117. நிறுத்திய காரணம்: மூச்சு வாங்கல், கால் கடுப்பு.

220-லிருந்து வயதைக் கழித்தால் ஒருவருக்கு எட்டக்கூடிய உச்சத் துடிப்பு தோராயமாகக் கிடைக்கும். அவருக்கு 166. அதில் 85 சதவீதமாவது, அதாவது 141 அளவுக்காவது போயிருந்தால்தான் 'இதயத்துக்குப் போதுமான வேலை கொடுத்தோம், அப்போதும் ஒன்றும் வரவில்லை' என்று சொல்ல முடியும். அவர் எட்டியது எழுபது சதவீதம். மடையே திறக்கவில்லை, சானலில் தூர்வை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இப்படிப்பட்ட டெஸ்டுக்கு 'போதுமானதல்ல, முடிவு சொல்ல இயலாது' என்றுதான் எழுதியிருக்க வேண்டும்.

துடிப்பு ஏறாமல் போனதற்கு முதல் சந்தேகம் அவர் சாப்பிடுகிற மெட்டோப்ரோலால் மேல்தான் விழுகிறது. இதயத்தை வேகமாகத் துடிக்க விடாமல் பிடித்து வைப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை. அன்று காலையிலும் அதைப் போட்டுவிட்டுத்தான் போனார் என்று எழுதியிருக்கிறீர்கள். நோயைக் கண்டுபிடிக்கச் செய்யும் டெஸ்ட் என்றால், மருத்துவர் சொல்லி ஒன்றிரண்டு நாள் முன்பே நிறுத்துவது உண்டு. இதைப் படித்துவிட்டு அவராக நிறுத்திவிடக் கூடாது. அடைப்பு இருக்கிற ஆள் இந்த மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலி கூடும், அட்டாக்கே வரலாம்.

மெஷினைத் தள்ளி வையுங்கள். உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதிய மூன்று வரியே எனக்குப் போதும். நெஞ்சின் நடுவில் பாரம். மேடு ஏறினால் வருகிறது. நின்றால் சில நிமிடத்தில் போகிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அது வாய்வு என்று நான் நம்பமாட்டேன். வாய்வுக்கு மேடும் பள்ளமும் தெரியாது. ரப்பர் பால் வாளியோடு ஏறும்போது மட்டும் வந்து, ரப்பர் மரத்தில் சாய்ந்து நின்றதும் போகிற வாய்வு எங்கும் கிடையாது. சுக்குக் காப்பி குடித்துச் சரியானதாக அவர் நினைப்பதும், காப்பி குடிக்க உட்கார்ந்ததால்தான் இருக்கும்.

சரியாக நடந்த டெஸ்டுக்கும் ஒரு எல்லை உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மீன் வியாபாரி ஒருவர் பத்து நிமிடம் நடந்து அசத்திவிட்டு நெகட்டிவ் தாளோடு போனார். 'ஒன்றும் இல்லை, தைரியமாகப் போங்க' என்று நானே முதுகில் தட்டி அனுப்பினேன். பீடியை விடச் சொல்லவேண்டும் என்றுகூட அன்று எனக்குத் தோன்றவில்லை. ஐந்தாவது வாரம் மாரடைப்போடு வந்தார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். பல மாரடைப்புகள் பாதிகூட அடைக்காத கொழுப்புப் படிவு திடீரென்று வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால் வருகின்றன. வெடிப்பதற்கு முந்தின நாள் வரை அந்தக் குழாயில் ரத்தம் தாராளமாகத்தான் போகும். டிரெட்மில்லுக்கு அது தெரிய வழியில்லை. அன்றிலிருந்து 'ஒன்றும் இல்லை' என்ற வார்த்தையை நான் யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை.

இனி உங்களுடையது. பத்து நிமிடத்துக்கு மேல் நடந்திருக்கிறீர்கள். நான்காவது கட்டத்துக்குள் போய்விட்டீர்கள். துடிப்பு 169, உங்கள் வயதுக்கு உச்சமான 177-ல் 95 சதவீதம். பிரஷர் ஏற வேண்டிய அளவுக்கு ஏறியிருக்கிறது. நடக்க நடக்க அது இறங்கியிருந்தால்தான் நான் பயந்திருப்பேன். வலி இல்லை. எஸ்.டி. ஒரு மில்லிமீட்டர் இறங்கியிருப்பது உண்மை. ஆனால் கோடு மேல்நோக்கி ஏறிக்கொண்டே போகிறது, மெஷின் நின்ற ஒரு நிமிடத்துக்குள் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அந்த மாதிரி ஏறுமுக இறக்கத்தை நாங்கள் பெரிதாக எடுப்பதில்லை. கம்ப்யூட்டர் மில்லிமீட்டரை மட்டும் எண்ணி பாசிட்டிவ் என்று அடித்துவிட்டது, மேலே ஒரு ஆள் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

டிரெட்மில் ரிப்போர்ட்டை வைத்து ஆபத்தை அளக்க டியூக் ஸ்கோர் என்று ஒன்று உண்டு. நடந்த நிமிடத்திலிருந்து, எஸ்.டி. இறங்கிய மில்லிமீட்டரை ஐந்தால் பெருக்கிக் கழிக்க வேண்டும். வலி வந்திருந்தால் அதற்கும் கழிவு உண்டு. ஐந்தும் அதற்கு மேலும் வந்தால் ஆபத்து குறைந்த வகை. அந்த ஒரு மில்லிமீட்டரைக் கணக்கில் சேர்த்தாலும் உங்களுக்கு ஐந்துக்கு மேல் வருகிறது. இந்த வகையில் வருகிறவர்களில் ஆண்டுக்கு இதய நோயால் இறப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

பெண்களுக்கு இந்தப் பொய்யான பாசிட்டிவ் ஆண்களைவிட அதிகம் வருகிறது. ரத்தசோகையும் அதற்கு ஒரு காரணம். 9.1 ஹீமோகுளோபின் என்றால் குழாய் திறந்தே இருந்தாலும் அதில் போகும் ரத்தம் தண்ணீர் கலந்த பால் மாதிரி. வேகமாகத் துடிக்கும்போது தசைக்கு ஆக்சிஜன் போதாமல் எஸ்.டி. கொஞ்சம் இறங்கலாம். ஆகவே நீங்கள் போகவேண்டிய இடம் ஆஞ்சியோ மேசை கிடையாது. மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போகிறதா என்று ஒரு மகளிர் மருத்துவரிடம் காட்டுங்கள், இரும்புச் சத்துக்கும் தைராய்டுக்கும் ரத்தம் பாருங்கள். பிறகும் மனம் கேட்கவில்லை என்றால், ஹீமோகுளோபின் ஏறிய பின் ஒரு ஸ்ட்ரெஸ் எக்கோ செய்து பார்க்கலாம். நடக்க வைத்த கையோடு எக்கோ என்கிற இதய ஸ்கேனில் இதயச் சுவர் சரியாக அசைகிறதா என்று நேரில் பார்ப்பது அது.

இதோடு ஒன்று சொல்லிவிட வேண்டும். பெண்களுக்கு டெஸ்ட் பொய்யாக வரும் என்றால் பெண்களுக்கு இதய நோய் வராது என்று அர்த்தம் ஆகாது. சுகர் உள்ள, மாதவிலக்கு நின்ற ஒரு அம்மா 'மாடி ஏறினால் மூச்சு முட்டுது' என்று வந்தால் நான் அதை ரத்தசோகை என்று மட்டும் எழுதி அனுப்பமாட்டேன். நாளைக்கே உங்களுக்கும் மேடு ஏறும்போது அப்படி ஏதாவது வந்தால், இந்தப் பதிலைத் தூக்கிப் போட்டுவிட்டு நேரில் வரவேண்டும்.

வீட்டுக்காரருக்கு என்ன செய்வார்கள்? சாதாரண இ.சி.ஜி., எக்கோ எடுப்பார்கள். கிரியாட்டினின் பார்ப்பார்கள், ஏனென்றால் ஆஞ்சியோவில் செலுத்தும் மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும், சுகர்க்காரர்களுக்கு அதில் கவனம் தேவை. அதற்குப் பிறகு சி.டி. ஆஞ்சியோவா, மருந்து செலுத்தி இதயத்தைத் துடிக்க வைத்துப் பார்க்கும் எக்கோவா, நேராகக் கைக்குழாய் வழி ஆஞ்சியோவா என்பதை அவரைத் தொட்டுப் பார்க்கிற மருத்துவர் முடிவு செய்யட்டும். மறுபடி டிரெட்மில் மட்டும் போட்டுப் பார்ப்போம் என்றால் நான் சம்மதிக்கமாட்டேன். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். வழக்கம்போல திருவனந்தபுரம்தான் போவோம் என்றாலும் சரி, இந்த வாரமே போங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடைப்பு இருந்தால் உடனே ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் கம்பிச்சுருள்) என்று பயந்து அவர் வரமாட்டேன் என்பார். பலர் அப்படித்தான் தள்ளிப்போடுகிறார்கள். இஸ்கீமியா என்ற பெரிய ஆய்வு 2020-ல் வெளிவந்தது. நிலையாக இருக்கிற, முக்கிய இடது குழாயில் அடைப்பு இல்லாத நோயாளிகளுக்கு, உடனே ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்தாலும், நல்ல மருந்தோடு பொறுத்திருந்தாலும், மாரடைப்பிலும் மரணத்திலும் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்று அது காட்டியது. வலி குறைவதில் ஸ்டென்ட்டுக்குக் கை மேலே. ஆகவே போனவுடன் கம்பி வைத்துவிடுவார்கள் என்று இல்லை. ஆனால் எந்த வகை என்று தெரிய வேண்டும், மருந்து தொடங்க வேண்டும்.

அதுவரைக்கும் விளைக்கு ஏற வேண்டாம். ரப்பர் பால் எடுக்க வேறு ஆள் வைத்துக்கொள்ளுங்கள். வலி சும்மா இருக்கும்போதே வந்தாலோ, முன்னைவிடக் குறைந்த தூரத்தில் வந்தாலோ, கால் மணி நேரம் நின்றும் போகாமல் வேர்த்துக் கொட்டினாலோ, அப்புறம் அப்பாயின்ட்மென்ட் பார்க்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும். அந்த நிலையில் டிரெட்மில்லில் ஏற்றுவதே ஆபத்து. வழக்கமாக இந்த டெஸ்டில் உயிருக்கு ஆபத்து பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவில்தான் இருக்கும், அதுவும் ஏற்றக் கூடாதவர்களை ஏற்றாமல் இருந்தால்.

ஓட்டத்தைப் பற்றி. ஒவ்வொரு வருடமும் சிவராத்திரிக்கு இரண்டு வாரம் முன்னால் என் அறை வாசலில் இளவட்டங்கள் வந்து நிற்பார்கள், 'டாக்டரே, ஒரு டி.எம்.டி. (டிரெட்மில் டெஸ்ட்) போட்டு ஓடலாம்னு எழுதித் தாங்க' என்று. திருமலையில் தொடங்கி நட்டாலம் வரை பன்னிரண்டு கோயில், நூறு கிலோமீட்டர் அளவுக்குத் தார் ரோட்டில் வெறுங்காலோடு, ஒரு இரவும் ஒரு பகலும். பத்து நிமிட மெஷின் அதற்கு எப்படி ஜாமீன் நிற்கும்? இளம் பிள்ளைகளுக்கே நான் தயங்கித்தான் எழுதுவேன். உங்கள் வீட்டுக்காரர் ஐந்து நிமிடத்தில் மூச்சு வாங்கி இறங்கியவர். ஓடக்கூடாது என்றால் கோபித்துக்கொள்வார். ஓட்டக்காரர்களைப் போல விசிறியைப் பிடித்துக்கொண்டு வண்டியில் பன்னிரண்டு கோயிலையும் சுற்றுகிறவர்கள் எத்தனையோ பேர் உண்டு, இந்த வருடம் அவர்களோடு போகச் சொல்லுங்கள். அதையும் மருத்துவரைப் பார்த்து, அவர் சரி என்ற பிறகு.

போகும்போது ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். நிமிடத்துக்கு நிமிடம் எடுத்த இ.சி.ஜி. தாள்கள், மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டுக் கொடுங்கள். கூடவே நீங்களும் போங்கள் டீச்சர். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் அவர் 'லேசா வாய்வுதான்' என்று சொல்லிவிடுவார்.